வெளிநாட்டு ஃபெல்லோஷிப் பெறும் செய்தியாளர்கள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஒரு நிருபருக்கு வெளிநாட்டு ஃபெல்லோஷிப் கிடைத்திருக்கிறது என்ற செய்தி பரவினால் இரண்டு விதமான பேச்சு எழும். ‘கொடுத்து வைத்தவர்’ என்பார் ஒருவர். ‘யார் காசு, எதற்காகக் கொடுக்கிறார்கள்?’ என்பார் இன்னொருவர். இரண்டாமவரின் கேள்விதான் முக்கியமானது. செய்தியை நம்பிப் படிக்கும் வாசகருக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் கேட்ட கையோடு, பதிலுக்குக் காத்திராமல், தீர்ப்பையும் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்புக்குப் பயந்தே விண்ணப்பிக்காமல் விட்ட செய்தியாளர்கள் பலர். வாசகர்கள் எழுப்பும் சந்தேகங்களையும், போகலாமா வேண்டாமா என்று தயங்குபவர்கள் கேட்பவற்றையும் சேர்த்தே பார்ப்போம்.

இது படிப்பா, வேலையா, சுற்றுலாவா?

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே மூன்று வகைகள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிப்பது ஒன்று. ‘மில்வாக்கி ஜர்னல்’ நாளிதழை நிறுவிய லூசியஸ் நீமனின் நினைவாக அவர் மனைவி ஆக்னஸ் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சொத்து எழுதிவைத்தார். அதிலிருந்து 1938-ல் பிறந்தது நீமன் ஃபெல்லோஷிப். தேர்வாகிறவர் ஒரு கல்வியாண்டு முழுக்க ஹார்வர்டில் தனக்குப் பிடித்த வகுப்புகளில் உட்காரலாம். கடைசியில் பட்டம் எதுவும் தரமாட்டார்கள். அந்த ஆண்டில் தொழில்முறையாக எழுதுவதையும் நிறுத்திவைக்க வேண்டும். நாள்தோறும் பக்கம் நிரப்பியே பழகிய ஒருவருக்கு, எழுதாமல் படிக்கக் கிடைக்கும் ஓர் ஆண்டு எவ்வளவு பெரியது என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நைட் ஃபெல்லோஷிப், ஆக்ஸ்ஃபோர்டில் ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிடியூட் நடத்தும் திட்டம் ஆகியவையும் இதே குடும்பம்தான். ஆக்ஸ்ஃபோர்டு திட்டத்தில் காலம் குறைவு, சில மாதங்கள். ஆனால் ஏதாவது ஒரு பொருளை எடுத்து ஆய்ந்து எழுத வேண்டும். அந்தக் கட்டுரைகளை வெளியிடுகிறார்கள், யாரும் படிக்கலாம்.

இரண்டாவது வகை, இன்னொரு நாட்டுப் பத்திரிகையில் உண்மையாகவே வேலை பார்ப்பது. ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழின் நிர்வாக ஆசிரியராக இருந்த ஆல்ஃபிரட் ஃபிரெண்ட்லி தோற்றுவித்த திட்டம் இப்படிப்பட்டது. வளரும் நாடுகளின் இளம் செய்தியாளர்கள் அமெரிக்கச் செய்தி நிறுவனங்களில் சில மாதங்கள் நிருபர்களாகவே பணியாற்றுகிறார்கள். ஐ.நா. பொதுச்சபை கூடும் மாதங்களில் நியூயார்க்கில் இருந்து செய்தி அனுப்ப வழி செய்யும் டாக் ஹாமர்ஷீல்டு நிதியத்தின் ஃபெல்லோஷிப்பும் வேலை செய்தே ஆகவேண்டியதுதான். அனுப்பும் செய்திகளைப் பயன்படுத்துவோம் என்று சொந்த ஊர் ஆசிரியர் எழுதிக் கொடுத்தால்தான் விண்ணப்பமே ஏற்கப்படும்.

மூன்றாவது வகை குறுகிய காலப் பயணம். ஹவாயில் உள்ள ஈஸ்ட்-வெஸ்ட் சென்டர் 1967 முதல் நடத்திவரும் ஜெஃபர்சன் ஃபெல்லோஷிப் சுமார் மூன்று வாரம். தெற்காசியப் பத்திரிகையாளர்களுக்காக பிரிட்டிஷ் அரசு செவனிங் திட்டத்தின் கீழ் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடத்தும் பயிற்சி எட்டு வாரம். சுற்றுலா என்ற குற்றச்சாட்டு இந்த மூன்றாவது வகையின் மீதுதான் விழுகிறது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பத்து நாளில் ஐந்து நகரம், அமைச்சரோடு தேநீர், தொழிற்சாலையில் குழுப் படம் என்று முடிந்துவிடும் அழைப்புகளை ஃபெல்லோஷிப் என்று அழைப்பது அந்தச் சொல்லுக்கே அநீதி.

பணத்துக்குப் பின்னால் உளவு நிறுவனம் இருக்காதா?

இதை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்க முடியாது. வரலாற்றில் நடந்திருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் ஆசியப் பத்திரிகையாளர்கள் ஹார்வர்டு போன்ற இடங்களுக்குப் போக நிதி கொடுத்தவற்றில் ஏஷியா ஃபவுண்டேஷன் ஒன்று. அந்த அமைப்புக்கு அமெரிக்காவின் சி.ஐ.ஏ. மறைமுகமாகப் பணம் கொடுத்துவந்தது 1967-ல் அம்பலமானது. போனவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் வகுப்புக்குப் போனார்கள், நூலகத்தில் உட்கார்ந்தார்கள், ஊருக்குத் திரும்பினார்கள். ஆனாலும் அவர்கள் பெயரின் மீது ஒரு நிழல் விழுந்தது. அதற்குப் பொறுப்பு, பணத்தின் மூலத்தை மறைத்தவர்களுடையது. நிதி எங்கிருந்து வருகிறது என்பதைத் துருவிக் கேட்கவேண்டிய கடமை இன்றைய விண்ணப்பதாரருக்கு இருப்பதற்கும் அதுவே காரணம்.

மறைத்துச் செய்வது ஒன்று. வெளிப்படையாகத் தன் நாட்டைப் பற்றி நல்லெண்ணம் வளர்க்க ஓர் அரசு செலவு செய்வது வேறு. இரண்டாவதைப் பல நாடுகளும் செய்கின்றன. அமெரிக்க வெளியுறவுத்துறையின் சர்வதேசப் பார்வையாளர் திட்டத்தின் வேர், நெல்சன் ராக்ஃபெல்லர் பொறுப்பில் 1940-ல் லத்தீன் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் 130 பேரை அழைத்ததில் இருக்கிறது. ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. நாஜி ஜெர்மனியின் செல்வாக்கு தென் அமெரிக்காவில் பரவிவிடக் கூடாது என்பது நோக்கம். இன்றும் அதற்கு யாரும் விண்ணப்பிக்க முடியாது, தூதரகமே ஆளைத் தேர்ந்தெடுக்கும். சீன அரசு 2014 முதல் ஆப்பிரிக்கப் பத்திரிகையாளர்களையும், பின்னர் ஆசியப் பத்திரிகையாளர்களையும் பெய்ஜிங்கில் மாதக்கணக்கில் தங்கவைத்து, மாகாணங்களைச் சுற்றிக்காட்டி அனுப்புகிறது. இந்தியாவும் இதில் பின்தங்கவில்லை. புதுடெல்லியில் உள்ள இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் வளரும் நாடுகளின் செய்தியாளர்களுக்கு வளர்ச்சி இதழியல் பயிற்சியை 1969 முதல் நடத்திவருகிறது. செலவை ஏற்பது இந்திய அரசின் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம். நாம் அழைத்தால் நட்பு, அவர்கள் அழைத்தால் சதி என்று சொல்வது நேர்மையாகாது.

எனவே எந்தத் திட்டமானாலும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பணம் யாருடையது, ஆளைத் தேர்ந்தெடுப்பது யார், கைமாறாக என்ன கேட்கிறார்கள். அரசுப் பணம் என்பதாலேயே ஒன்று கெட்டதாகிவிடாது. பணம் கொடுப்பவரே ஆளையும் பொறுக்கி, பார்க்கவேண்டிய இடத்தையும் முடிவுசெய்து, எழுதவேண்டியதையும் எதிர்பார்த்தால், அது விளம்பரச் செலவு. பல்கலைக்கழகமோ சுதந்திரமான நடுவர் குழுவோ தேர்வு செய்து, வந்தவர் என்ன படித்தார் என்றுகூடக் கேட்காமல் விட்டால், அது வேறு.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு 2010-ல் நடந்தது ஒரு சாட்சி. கொலம்பியாவின் தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் ஹோல்மன் மோரிஸை அந்த ஆண்டு நீமன் ஃபெல்லோவாக ஹார்வர்டு தேர்ந்தெடுத்தது. உள்நாட்டுப் போரில் துணை ராணுவக் குழுக்கள் செய்த கொடுமைகளை வெளிக்கொண்டுவந்தவர் அவர். அவருக்கு விசா தர அமெரிக்க அரசு மறுத்தது. சொன்ன காரணம், பயங்கரவாதம் தொடர்பான சட்டப்பிரிவு. நீமன் அமைப்பும் உலகெங்கும் உள்ள பத்திரிகைச் சுதந்திர அமைப்புகளும் வெளிப்படையாக எதிர்த்தன. சில வாரங்களில் அரசு இறங்கிவந்தது, மோரிஸ் ஹார்வர்டுக்குப் போனார். அமெரிக்க அரசு சொல்லும் ஆளைத்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் எடுக்கும் என்று நம்புபவர்கள் இந்த நிகழ்வைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சாப்பிட்ட உப்புக்கு நன்றியாக எழுதமாட்டார்களா?

சிலர் எழுதுவார்கள். ஆனால் உள்ளூரில் ஒரு பரிசுப் பொட்டலத்துக்கே சாய்ந்து எழுதுபவர்களும் இருக்கிறார்கள். சாய்வு ஆளின் குணத்தைப் பொறுத்தது. எந்தத் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்பதையும் பொறுத்தது. எங்கள் நாட்டைப் பற்றி இத்தனை கட்டுரை எழுத வேண்டும், வெளியிடுமுன் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. அழைப்பின் பேரில் சென்று எழுதிய கட்டுரை என்றால், யார் அழைப்பு, யார் செலவு என்று கட்டுரையின் அடியில் ஒரு வரி அச்சிட்டாக வேண்டும். தமிழ் இதழ்கள் பலவற்றில் அந்த வரியைக் காண்பது அரிதாக இருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. அந்த வரி இல்லாத கட்டுரையைப் பார்த்தால் வாசகர்கள் தயங்காமல் ஆசிரியருக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

போனவர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்களே?

அமெரிக்க அரசுப் பணத்தில் பரிமாற்ற விசாவில் செல்பவருக்குச் சட்டமே ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. திட்டம் முடிந்தபின் சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டுகள் இருந்தால்தான் அங்கே வேலை விசாவோ நிரந்தரக் குடியிருப்போ கேட்க முடியும். சட்டம் அவ்வளவுதான் சொல்லும். மனிதர்களின் கதை அதைவிடச் சிக்கலானது. அதை முழுக்கப் பார்க்க வேண்டுமானால் தென்னாப்பிரிக்காவைத்தான் பார்க்க வேண்டும்.

நிறவெறி ஆட்சிக் காலத்தில் அந்நாட்டிலிருந்து நீமன் ஃபெல்லோஷிப்புக்குத் தொடர்ந்து பத்திரிகையாளர்கள் சென்றார்கள். அவர்களில் நாட் நகாசா, ‘டிரம்’ இதழில் எழுதி வளர்ந்தவர், ‘கிளாசிக்’ என்ற இலக்கிய இதழை நடத்தியவர். 1964-ல் ஹார்வர்டு அவரை அழைத்தபோது அரசு பாஸ்போர்ட் தரவில்லை. வெளியேறும் அனுமதிச் சீட்டு மட்டும் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்டு போனால் மறுபடி சொந்த மண்ணில் கால் வைக்க முடியாது. அவர் போனார். ஓர் ஆண்டுப் படிப்பு முடிந்தது, திரும்ப வழியில்லை. 1965 ஜூலையில் நியூயார்க்கில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் ஏழாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அப்போது வயது 28. அவருடைய உடலின் எச்சம் தாய்நாட்டுக்கு வந்துசேர்ந்தது 2014-ல். டர்பனுக்கு அருகே, அவர் வளர்ந்த செஸ்டர்வில்லில் மீண்டும் அடக்கம் செய்தார்கள். துணிவான இதழியலுக்கு அந்நாட்டில் தரப்படும் விருது இன்று அவர் பெயரில் இருக்கிறது. அவரைத் தங்கிவிட்டவர் என்று யாராலாவது சொல்ல முடியுமா?

பெர்சி கோபோசா 1975-ல் போய், மறு ஆண்டு திரும்பினார். சோவெட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கிச் சுடப்பட்ட ஆண்டு அது. அவர் ஆசிரியராக இருந்த ‘வேர்ல்டு’ நாளிதழ் கறுப்பின மக்களின் குரலாக நிமிர்ந்து நின்றது. 1977 அக்டோபர் 19-ஆம் தேதி அரசு அந்த இதழைத் தடைசெய்து அவரைச் சிறையில் வைத்தது. தென்னாப்பிரிக்கப் பத்திரிகை உலகம் அந்த நாளை இன்றும் கறுப்புப் புதன் என்று நினைவுகூர்கிறது. ஸ்வெலாக்கே சிசுலு 1984-85-ல் ஹார்வர்டில் இருந்தார். திரும்பிவந்து ‘நியூ நேஷன்’ இதழின் ஆசிரியரானார். 1986 டிசம்பரில் பிடித்துக்கொண்டு போய் இரண்டு ஆண்டுகள் விசாரணையின்றி அடைத்துவைத்தார்கள். இவர்கள் இருவருக்கும் அமெரிக்காவிலேயே தங்கிவிடுவது எளிதாக இருந்திருக்கும். சிறை காத்திருக்கிறது என்று தெரிந்தே திரும்பினார்கள்.

இந்த இடத்தில் நம் மொழிக்காரர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதிவந்த தமிழ்ப் பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகம் 2008 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். போர்க்காலத்தில் தமிழ் மக்கள் பட்ட அவதியைப் பற்றி ஒரு சிறு மாத இதழில் எழுதியவை அவர்மீது குற்றச்சாட்டாயின. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஆகஸ்டில் 20 ஆண்டு கடூழியச் சிறை விதித்தார்கள். உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின் 2010-ல் பிணையும், பின்னர் மன்னிப்பும் கிடைத்தன. அந்த ஆண்டே அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். 2010-11 நீமன் ஃபெல்லோக்களில் அவரும் ஒருவர். உயிருக்கு ஆபத்துள்ள செய்தியாளருக்கு ஃபெல்லோஷிப் என்பது மூச்சுவிடக் கிடைத்த இடம். ‘ஏன் திரும்பவில்லை?’ என்ற கேள்வியை அவரிடம் கேட்பதற்கு முன், திரும்பக்கூடிய நிலையில் நாடு இருந்ததா என்று கேட்க வேண்டும்.

வெளிநாட்டுப் பணம் வாங்க இந்தியச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

கவனமாகப் படிக்கவேண்டிய பகுதி இது. எஃப்.சி.ஆர்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன் 3-வது பிரிவு, பதிவுபெற்ற செய்தித்தாளின் நிருபர், பத்தி எழுத்தாளர், கார்ட்டூனிஸ்ட், ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகியோர் வெளிநாட்டுப் பங்களிப்பு பெறுவதைத் தடைசெய்கிறது. செய்தி தயாரிக்கும் மின்னணு ஊடகங்களுக்கும் இந்தத் தடை உண்டு. 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த பழைய சட்டத்திலும் இது இருந்தது. இந்தப் பிரிவை மட்டும் படித்துவிட்டுப் பயந்துபோகிறவர்கள் அடுத்த பிரிவையும் படிக்க வேண்டும். கல்வி உதவித்தொகை, ஸ்டிபெண்ட், அவை போன்ற தொகைகளுக்கு 4-வது பிரிவு விலக்கு அளிக்கிறது. செய்யும் வேலைக்கான சம்பளத்துக்கும் விலக்கு உண்டு.

இதில் அடங்கியிருக்கும் நடைமுறைப் பாடம் ஒன்றுதான். வரும் தொகை என்ன இனத்தில் சேரும் என்பது தேர்வுக் கடிதத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஸ்டிபெண்ட் என்று எழுதிய கடிதம், வங்கிக் கணக்கு விவரம், செலவுக் கணக்கு ஆகியவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடை, மானியம் என்று யாராவது பெயரிட்டால் உடனே திருத்தச் சொல்லுங்கள். வருமான வரி பற்றி ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. அகில இந்திய வானொலி, தூர்தர்ஷன் போன்ற அரசுசார் நிறுவனங்களில் பணியாற்றுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு படி உண்டு. வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும்.

தமிழில் மட்டுமே எழுதுபவருக்கு வாய்ப்பு உண்டா?

உண்டு, ஆனால் சுலபமில்லை. பேச்சும் விவாதமும் ஆங்கிலத்தில் நடப்பதால் பேசவும் படிக்கவும் ஆங்கிலம் வேண்டும் என்பார்கள். அலங்காரமான ஆங்கிலம் வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. நீமன் உட்படப் பல திட்டங்கள் தாய்மொழியில் எழுதிய கட்டுரைகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு ஏற்கின்றன. ஆகவே, ‘நான் தமிழ் நிருபர், எனக்கெல்லாம் கிடைக்காது’ என்று நினைப்பது தேவையில்லாத தாழ்வு மனப்பான்மை. உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கில நாளிதழின் தலைநகர நிருபருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத மூன்று பேர் தயாராக இருப்பார்கள். தாலுகாவில் இருந்து செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபருக்கு அடையாள அட்டையே முறையாகக் கிடைப்பதில்லை. முழுநேர அனுபவம் ஐந்தாண்டு என்ற நிபந்தனையில் அவருடைய பதினைந்து ஆண்டு உழைப்பு கணக்கில் வராமல் போகிறது. இது ஃபெல்லோஷிப் நடத்துபவர்கள் மட்டும் திருத்தக்கூடிய குறை இல்லை. நம் பத்திரிகை அலுவலகங்கள்தான் முதலில் திருத்த வேண்டும்.

வயது வரம்பு?

திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஃபிரெண்ட்லி, ஹாமர்ஷீல்டு திட்டங்கள் 25 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு. நீமனுக்கு வயது வரம்பு இல்லை.

விண்ணப்பக் கட்டணம், செயலாக்கக் கட்டணம் என்று பணம் கேட்டால்?

கொடுக்காதீர்கள். மேலே பெயர் சொன்ன திட்டங்கள் உங்களுக்குப் பணம் தருபவை, உங்களிடம் பணம் வாங்கி இடம் தருபவை அல்ல. மாநாட்டுக் கட்டணம் கட்டினால் ‘ஃபெல்லோ’ பட்டம் என்று வரும் மின்னஞ்சல்களை அப்படியே அழித்துவிடலாம். ஒரு திட்டம் இந்த ஆண்டு நடக்கிறதா என்பதை அதன் அதிகாரபூர்வ அறிவிப்பில் மட்டும் பாருங்கள். அரசு நிதியை நம்பியவை திடீரென்று நின்றுபோகக் கூடும். 2025 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத்துறை பரிமாற்றத் திட்டங்களுக்கான நிதியை நிறுத்திவைத்தபோது பலர் நடுவழியில் தவித்தார்கள்.

ஒருவரை மாதக்கணக்கில் அனுப்பிவைப்பதால் பத்திரிகைக்கு என்ன லாபம்?

ஆசிரியர்கள் நேரில் கேட்கும் கேள்வி இது. டெஸ்கில் ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை. ஆறு மாதம் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் மற்றவர்கள் முதுகு ஒடியும். இந்தக் கஷ்டத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நேரம் கொடுத்தால் ஒரு செய்தியாளர் என்ன செய்வார் என்பதை இந்திய ஃபெல்லோஷிப் ஒன்றே காட்டியிருக்கிறது. 1993-ல் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ கொடுத்த ஃபெல்லோஷிப்பில்தான் பத்திரிகையாளர் பி. சாய்நாத் நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களுக்குப் போனார். நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவற்றில் அடக்கம். அங்கிருந்து அவர் எழுதியவை இந்திய ஊரக இதழியலையே மாற்றின. அன்றாடச் செய்தி ஓட்டத்துக்குள் இருந்துகொண்டு அந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சம்பளமில்லா விடுப்பாக இருந்தாலும், திரும்பிவந்தால் அதே இடம் உண்டு என்று எழுத்தில் கொடுங்கள். அந்த ஒரு கடிதம் இல்லாததால், செய்தியாளர்கள் சிலர் தேர்வாகியும் வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் போகவேண்டிய நிலைக்கு ஆளாகிறார்கள். அப்படிப் போனவர் திரும்பிவந்து வேறு பத்திரிகையில் சேர்ந்துவிட்டால் பிறகு குறைசொல்லிப் பயனில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் மாவட்டத்திலிருந்து. தேர்வுக் குழு கேட்கும் முக்கியமான கேள்வி, இந்தக் காலத்தை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்பதுதான். உலக அமைதி, ஜனநாயகம் என்று பொதுவாக எழுதும் விண்ணப்பங்கள் எடுபடுவதில்லை. கடல் அரிப்பால் வீடு இழக்கும் மீனவக் கிராமத்தைப் பற்றியோ, தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்டுப்போன பாலாற்றுக் கிணறுகளைப் பற்றியோ பல ஆண்டுகள் எழுதியிருக்கிறீர்களா? அதையே சொல்லுங்கள். அதே சிக்கலை வேறு நாடுகள் எப்படி அளக்கின்றன, எந்தச் சட்டத்தால் கட்டுப்படுத்துகின்றன என்று கற்க விரும்புவதாக எழுதுங்கள். நீமனுக்கு வெளிநாட்டவர் விண்ணப்பங்கள் வழக்கமாக டிசம்பர் தொடக்கத்தில் முடிகின்றன. மழைக்காலச் செய்தி வேலை தலைக்குமேல் ஏறுவதற்கு முன்பே, ஆடி ஆவணியிலேயே, உங்களுடைய நல்ல கட்டுரைகளை எடுத்து, நம்பகமான ஒருவரிடம் மொழிபெயர்க்கக் கொடுத்துவிடுங்கள்.